கேட்டால் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்பார்: மனநல வார்டில் நோயாளியின் ஊக்கத்தைப் பார்த்தே மதிப்பிட ஒரு முழு வழிகாட்டி

மனநல வார்டில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைக் கொண்டே நோயாளியைத் தேற்றும் தொழிற்சிகிச்சை) குறிப்புகளைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: ‘நோயாளிக்கு மோட்டிவேஷன் இல்லை, ஒத்துழைக்கவில்லை.’ இதை வைத்துக்கொண்டு அடுத்து வருகிற தெரபிஸ்ட் எதுவும் செய்ய முடியாது. எந்த வேலையில் இல்லை, எந்த இடத்தில் இல்லை, பக்கத்தில் யார் இருந்தபோது இல்லை, எவ்வளவு உதவி கொடுத்துப் பார்த்த பிறகு இல்லை, எதுவுமே அதில் கிடையாது. ஆனால் அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் அந்த மனிதரை ஓரமாக உட்கார வைத்துவிட அது போதும். எனக்கு இதில் கோபமே உண்டு. பயிற்சிக்கு வரும் மாணவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும் அந்த வரிக்குப் பதில் வேறு என்ன எழுதலாம், அதை எழுத எப்படிப் பார்க்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது? கேட்கலாம், தப்பில்லை. ஆனால் நாள்பட்ட ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) உள்ள ஒருவரிடம் போய் ‘உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘ஒண்ணும் வேண்டாம் சார்’ என்பதுதான் பதில். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த நோயில் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது வருகிற சந்தோஷம் ஓரளவு அப்படியே இருக்கிறது, ஆனால் ‘இதைச் செய்தால் நன்றாக இருக்கும்’ என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்கிற சந்தோஷம்தான் அதிகம் குறைந்துபோகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியென்றால் கேள்வி கேட்கும்போது நாம் தட்டுவது சரியாகப் பழுதான கதவைத்தான். வேலையில் கை வைத்த பிறகு முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பவருக்கு வேறு விடை கிடைக்கும். இன்னொரு பக்கம், ‘செய்றேன் மேடம், எல்லாம் செய்றேன்’ என்று டிஸ்சார்ஜை மனதில் வைத்துத் தலையாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் வாய்ப்பதிலை நம்பி எழுத முடியாது.

இப்படிப் பார்த்து மதிப்பிடுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது: வொலிஷனல் கொஸ்டினேர், சுருக்கமாக வி.க்யூ. அமெரிக்காவில் கேரி கீல்ஹோஃப்னரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1980-இல் வெளியிட்ட ‘மாடல் ஆஃப் ஹ்யூமன் ஆக்குபேஷன்’ என்ற கோட்பாட்டிலிருந்து வந்தது. சிலி நாட்டைச் சேர்ந்த கார்மென் குளோரியா டி லாஸ் ஹெராஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், தன் விருப்பத்தை வாயால் சொல்ல முடியாத நோயாளிகளை மனதில் வைத்து இதை உருவாக்கினார். நோயாளியிடம் ஒரு கேள்வியும் கிடையாது, பார்ப்பவர்தான் நிரப்புகிறார். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வடிவம் உண்டு. அந்தக் கோட்பாட்டின்படி ஒருவரின் ஊக்கம் மூன்று இழைகளால் ஆனது: ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை, ‘இது முக்கியம்’ என்ற மதிப்பு, ‘இது பிடிக்கிறது’ என்ற ஆர்வம். மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலையில் பாதி. ‘முடியாது’ என்று பயந்து ஒதுங்குபவரும், ‘இதெல்லாம் எதுக்கு’ என்று ஒதுங்குபவரும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். சிகிச்சை மட்டும் முற்றிலும் வேறு.

முதல் படி: வார்டுக்குள் போவதற்கு முன்

கேஸ் ஷீட்டைப் படியுங்கள், நோயின் பெயருக்காக மட்டும் வேண்டாம். மருந்து அட்டவணையைப் பாருங்கள், எந்த மருந்து எத்தனை மணிக்குத் தருகிறார்கள், இந்த வாரம் டோஸ் ஏறியதா, ஈ.சி.டி. (மின் அதிர்வுச் சிகிச்சை) நாள் எது. இரவுப் பணி சிஸ்டரிடம் ‘நேற்று தூங்கினாரா, சாப்பிட்டாரா, மலச்சிக்கல் ஏதாவது?’ என்று கேளுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் காலை பத்து மணிக்கு ஒருவரைப் பார்த்து ‘சோர்வாக இருக்கிறார்’ என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் குடும்பம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநல வார்டுகளில் பெரும்பாலும் வீட்டார் ஒருவர் கூடவே தங்கியிருப்பார். அவர்களிடம் ‘பொழுதுபோக்கு என்ன?’ என்று கேட்காதீர்கள், ‘அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க’ என்றுதான் சொல்வார்கள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார், ஊர்த் திருவிழாவில் எந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார், தன் காசில் தானாகக் கடைசியாக வாங்கிய பொருள் எது, யார் வீட்டுக்கு வந்தால் எழுந்து வெளியே வருவார், இப்படிக் கேளுங்கள். கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுவார், ஆடு பிரசவம் பார்ப்பார், தறி ஓட்டுவார், தெருப் பிள்ளைகளுக்குப் பட்டம் செய்து கொடுப்பார் என்று அப்போதுதான் விஷயம் வெளியே வரும். உங்கள் அடுத்த படிக்கு இதுதான் கச்சாப் பொருள்.

இரண்டாவது படி: எந்த வேலை, எந்த இடம்

ஒரே இடத்தில் ஒரே வேலையில் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. குறைந்தது இரண்டு வெவ்வேறு சூழல்களிலாவது பாருங்கள், மூன்று கிடைத்தால் நல்லது. ஒன்று வார்டின் அன்றாட வாழ்க்கை: சாப்பாட்டு வரிசை, டீ நேரம், குளியல், டிவி முன்னால். இன்னொன்று தொழிற்சிகிச்சைக் கூடத்தில் ஒரு வேலை. முடிந்தால் மற்றவர்களோடு சேர்ந்து செய்யும் ஏதாவது ஒன்று, கேரம் போர்டு மாதிரி. ஒவ்வொன்றிலும் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் பார்த்தால் நீங்களும் களைத்துவிடுவீர்கள், அவரும் உங்களைக் கண்காணிப்பாளராகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான மதிப்பீடுகள் கெட்டுப்போகின்றன. ஐம்பது வயது விவசாயியிடம் மயில் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு அவர் தீட்டவில்லை என்று எழுதுவது மதிப்பீடே இல்லை. வேலையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். அவர் வயசுக்கும் வாழ்க்கைக்கும் பொருந்த வேண்டும். அதற்குள்ளேயே தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்க வேண்டும் (இந்த நிறமா அந்த நிறமா, இந்த விதையா அந்த விதையா), ஏனென்றால் தேர்வு இல்லாத இடத்தில் விருப்பத்தைப் பார்க்கவே முடியாது. மூன்றாவதாக, நடுவில் ஒரு சின்ன சிக்கல் இயல்பாக வர வேண்டும், பசை தீர்ந்துபோவது, நூல் சிக்குவது மாதிரி. கத்தி, கத்தரிக்கோல், ஊசி விஷயத்தில் வார்டின் பாதுகாப்பு விதிகளை மீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூக் கட்டுவது, மருந்துக் கடைக்குக் காகிதக் கவர் ஒட்டுவது, கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோலம், இவையெல்லாம் நம் வார்டுகளில் நன்றாக வேலை செய்கின்றன.

பூக் கட்டும் இடத்தில் எத்தனையோ முறை நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பாயில் ஈரத்துணி விரித்து மல்லி மொட்டைக் கொட்டியிருக்கிறோம். நான்கைந்து பெண்கள் நாரில் கண்ணி போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் சுவரோரம் சாய்ந்து எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். அவசரமாகப் பார்ப்பவர் ‘பங்கேற்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். அவர் கண் கட்டுபவரின் விரலைத் தொடர்கிறது. சரம் இடைவெளி விட்டு வரும்போது புருவம் சுருங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே, கை நீண்டு பழுத்துப்போன மொட்டுகளைப் பொறுக்கித் தனியாக வைக்கிறது. ஒரு முழம் கூட அவர் கட்டவில்லைதான். ஆனால் வேடிக்கை பார்த்தது கவனம், புருவம் சுருங்கியது ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற மதிப்பு, மொட்டைப் பொறுக்கியது தானாகத் தொடங்கிய செயல். அந்த இருபது நிமிடத்தில் மூன்று விஷயம் பதிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது படி: அனுமதி, அப்புறம் நீங்கள் எங்கே உட்காருவது

‘அம்மா, நீங்க எந்த வேலையில சௌகரியமா இருக்கீங்கன்னு பார்க்கத்தான் கூட உட்காரப் போறேன், அதை வெச்சு உங்களுக்கு ஏத்த மாதிரி திட்டம் போடலாம், சரிங்களா?’ இவ்வளவு சொன்னால் போதும். சொல்லாமல் பார்ப்பது சரியில்லை, அதிலும் யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்ற சந்தேகமே நோயாக இருப்பவரை ஓரத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டே கவனிப்பது அவருக்குச் செய்கிற கொடுமை. கிளிப்போர்டு, பேனா எதுவும் கையில் வேண்டாம். நீங்களும் பாயில் உட்காருங்கள், நீங்களும் நான்கு மொட்டுக் கட்டுங்கள். குறிப்பை வெளியே வந்த உடனே எழுதுங்கள், மதிய சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினால் பாதி மறந்துவிடும், மீதியை உங்கள் அபிப்பிராயம் நிரப்பிவிடும். கைப்பேசியில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதன் 20-ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலை செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்கிறது. ஆக, ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த மறுப்பையும் கவனியுங்கள்: எப்படி மறுக்கிறார், உடனே மறுக்கிறாரா, பொருளைப் பார்த்த பிறகா, இதை மறுத்துவிட்டு வேறெதையாவது பார்க்கிறாரா? ‘இது வேண்டாம், அது’ என்று கை காட்டுபவரிடம் விருப்பம் உயிரோடு இருக்கிறது.

நான்காவது படி: எதைப் பார்ப்பது

வி.க்யூ.வில் 14 வரிகள். கோட்பாடு அவற்றை மூன்று கட்டமாகப் பார்க்கிறது: முதலில் தேடிப் பார்ப்பது, அடுத்து திறமையை வளர்த்துக்கொள்வது, கடைசியில் சாதிப்பது.

தேடிப் பார்க்கும் கட்டத்தில் ஐந்து. ஆவல் காட்டுகிறாரா, தானாக ஏதாவது தொடங்குகிறாரா, புதியதை முயன்று பார்க்கிறாரா, இது வேண்டும் அது வேண்டாம் என்று விருப்பம் காட்டுகிறாரா, ஒரு செயல் தனக்கு முக்கியம் என்று ஏதாவது ஒரு விதத்தில் வெளிப்படுத்துகிறாரா. நோய் தீவிரமாக இருப்பவர்களிடம் நீங்கள் தேட வேண்டியது பெரும்பாலும் இங்கேதான், இவை மிகச் சின்ன அசைவுகளாக வரும். பேச்சே இல்லாத ஒருவர் தன் டம்ளரை மட்டும் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாரா? தினமும் ஒரே ஜன்னல் பக்கம் போய் உட்காருகிறாரா? வெள்ளிக்கிழமை மட்டும் நெற்றியில் திருநீறு வைக்கிறாரா? விருப்பமும் முக்கியத்துவமும் இப்படித்தான் தெரியும். ஆவலைக் கண்ணில் பாருங்கள், தலை திரும்புவதில் பாருங்கள், பொருளைப் புரட்டிப் பார்ப்பதில் பாருங்கள்.

அடுத்த கட்டத்திலும் ஐந்து. இலக்கைச் சொல்கிறாரா (‘இந்தக் கட்டு முடிச்சிட்டுப் போறேன்’ என்றாலும் இலக்குதான்), வேலையில் நிலைக்கிறாரா, செய்ததில் பெருமை தெரிகிறதா, சிக்கலைத் தீர்க்க முயல்கிறாரா, தப்பைத் திருத்த முயல்கிறாரா. தப்பைத் திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். காகிதக் கவர் ஒட்டும் மேசையில் ஒருவர் மடிப்பைக் கோணலாக ஒட்டிவிட்டார் என்று வையுங்கள். இப்போது நான்கு விதமாக நடக்கலாம். கோணல் அவர் கண்ணிலேயே படவில்லை. பட்டது, ஆனால் அப்படியே அடுக்கில் வைத்துவிட்டார். பட்டது, கையை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். அல்லது பசை காய்வதற்குள் நகத்தால் மெல்ல உரித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, மறுபடி ஒட்டி உள்ளங்கையால் அழுத்துகிறார். முதலாவது ஊக்கத்தைப் பற்றிய செய்தியாக இல்லாமல் பார்வை, கவனக்குறைவு பற்றிய செய்தியாகக்கூட இருக்கலாம். மூன்றாவது ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை உடைந்திருப்பதைக் காட்டுகிறது. அவருக்குச் சரி செய்யும் ஆசை இருக்கிறது, துணிச்சல்தான் இல்லை. இந்த மூன்றாமவரை இரண்டாமவரோடு சேர்த்து ‘ஆர்வமில்லை’ என்று எழுதிவிடுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

பெருமையும் அப்படித்தான். முகம் உணர்ச்சியற்றுப் போயிருப்பவர் சிரித்துக் காட்ட மாட்டார். ஆனால் தான் ஒட்டிய கவரை மட்டும் மற்றதோடு கலக்காமல் தன் பக்கம் அடுக்கி வைப்பார், ஓரத்தைத் தட்டிச் சமன் செய்வார், சிஸ்டர் வரும்போது அடுக்கை லேசாக முன்னால் தள்ளுவார்.

மூன்றாம் கட்டத்தில் நான்கு: செயலை முடிக்கும்வரை விடாமல் தொடர்வது, கூடுதல் சக்தியும் கவனமும் கொடுப்பது, கூடுதல் பொறுப்பைக் கேட்பது, இன்னும் கடினமானதைத் தேடுவது. கடுமையான நோய் நிலையில் இவை தெரியாமல் இருப்பது சகஜம், அதைக் குறையாக எழுத வேண்டாம்.

ஐந்தாவது படி: உதவியின் அளவும் மதிப்பெண்ணும்

ஒவ்வொரு வரிக்கும் நான்கு நிலை. எவ்வளவு ஆதரவு கொடுத்தும் அந்தச் செயல் தெரியவில்லை என்றால் 1, செயலற்ற நிலை. நிறைய ஆதரவு கொடுத்தால் தெரிகிறது, 2, தயக்க நிலை. கொஞ்சம் ஆதரவிலேயே வருகிறது, 3, ஈடுபாட்டு நிலை. ஆதரவே இல்லாமல் தானாக வருகிறது, 4. பார்க்க வாய்ப்பே இல்லாதிருந்தால் எண் போடக் கூடாது, வாய்ப்பில்லை என்று குறிக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சிக்கல் தீர்ப்பதில் 1 போட்டால் அது தப்பு, அங்கே சிக்கலே வரவில்லை.

ஆக, 1 போட வேண்டுமென்றால் நீங்கள் நிஜமாகவே ஆதரவு கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆதரவை ஏணிப்படி போல ஏற்றுங்கள்: முதலில் பொருளை அருகில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா என்றால் நிஜமாகச் சும்மா, ஒரு நிமிடமாவது. மனநோயிலும் மருந்திலும் யோசனை மெதுவாகிவிடும், நாம் பத்து நொடியில் இரண்டாவது முறை கூப்பிட்டுவிடுகிறோம், அவர் முதல் அழைப்புக்கே இன்னும் பதில் தயார் செய்துகொண்டிருப்பார். அப்புறம் நீங்கள் செய்து காட்டுங்கள். அப்புறம் தேர்வு கொடுங்கள், ‘அண்ணா, வெள்ளைப் பேப்பரா, பழுப்பா?’ அப்புறம் நேரடியாக அழையுங்கள். அதற்கும் மேலே கூடச் சேர்ந்து செய்யுங்கள், கை தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். எந்தப் படியில் அசைவு வந்ததோ அதை எழுதுங்கள். ‘வாய்ச்சொல்லுக்கு அசையவில்லை, செய்து காட்டியதும் அசைந்தார்’ என்ற ஒரு தகவல் மதிப்பெண்ணைவிடப் பெரியது, நாளைக்கு யார் வந்தாலும் அதிலிருந்து தொடங்கலாம்.

மொத்தத்தைக் கூட்டி ஒரே எண்ணாக்கி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வரியில் ஏறியிருக்கிறது, எதில் இறங்கியிருக்கிறது என்ற வடிவம்தான் பேசும்.

ஆறாவது படி: அவரைச் சுற்றி இருந்ததையும் எழுதுங்கள்

இடம், பொருள்கள், ஆட்கள், வேலையின் தன்மை, இந்த நான்கையும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள். ஆட்கள்தான் இதில் பெரிய விஷயம். ஒரு இளைஞருக்கு அம்மா துணைக்கு இருக்கிறார், கேள்வி அவரிடம் கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வருகிறது, தட்டை எடுப்பதும் அம்மா, பேஸ்ட் பிதுக்குவதும் அம்மா. ‘அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க’ என்று அவர் முன்னாலேயே சொல்வார், பாசத்தில்தான் சொல்கிறார். அந்த அம்மாவை ‘நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா’ என்று மரியாதையாக அனுப்பிவிட்டு அதே மகனை அதே வேலையில் பாருங்கள். பல நேரம் மதிப்பெண் ஒரு படி ஏறும். சில நேரம் இறங்கும், ஏனென்றால் சிலருக்கு அம்மா இருப்பதுதான் தெம்பு. இரண்டும் உண்மைத் தகவல்தான். அதே மாதிரி அதட்டும் அட்டெண்டர் பணியில் இருக்கும் நேரத்திலும் இல்லாத நேரத்திலும் பாருங்கள்.

இடம் என்றால் மின்விசிறி ஓடுகிறதா, வெளிச்சம் போதுமா, பக்கத்தில் கத்துபவர் இருக்கிறாரா என்பது வரை. காதில் குரல் கேட்பவருக்குச் சத்தமான கூடம் வேறு மாதிரியான சித்திரவதை.

ஏழாவது படி: ஏமாற்றக் கூடியவை

மதிப்பெண் போட்ட பிறகு உட்கார்ந்து இந்தப் பட்டியலை மனதில் ஓட்டுங்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்தில் முகம் இறுகி, நடை சிறுத்து, கை வீச்சு குறைந்துபோகலாம், பார்க்க அப்படியே ஊக்கமின்மை மாதிரி இருக்கும். உட்கார முடியாமல் கால் மாற்றி மாற்றி நடப்பவர் வேலையை வெறுத்துப் போகவில்லை, மருந்தால் வரும் உள்பரபரப்பாக இருக்கலாம். க்ளோசபின், ஓலன்சபின் தூக்கத்தைத் தரும். லித்தியத்தில் கை நடுங்கும், தன் நடுக்கத்தை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று டீ ஊற்றும் வேலையிலிருந்து ஒருவர் ஒதுங்கலாம். விறைப்புக்காகக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வையை மங்கலாக்கும், ஊசியில் நூல் கோக்கவோ செய்தித்தாள் படிக்கவோ மறுப்பவரிடம் முதலில் ‘கண்ணு தெளிவாத் தெரியுதாம்மா?’ என்று கேளுங்கள். ஈ.சி.டி. கொடுத்த அன்று மதிப்பிடவே வேண்டாம். இப்படி ஏதாவது சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்வது உங்கள் கடமை, மருந்தை மாற்றுவது பற்றி நோயாளியிடம் நீங்களாக எதுவும் பேசக் கூடாது.

மன அழுத்த நோயில் சிலருக்குக் காலை மிக மோசமாக இருந்து சாயந்திரம் தேவலை ஆகும், ஆகவே ஒரு முறை காலையிலும் ஒரு முறை நாலு மணிக்கு மேலும் பாருங்கள். இதே நோயில் இன்னொரு எச்சரிக்கை. மனம் தேறுவதற்கு முன்னால் உடம்புக்கு மட்டும் தெம்பு திரும்பும் ஒரு காலம் வரலாம், தற்கொலை ஆபத்து அப்போது அதிகமாகலாம். நேற்றுவரை அசையாதவர் இன்று திடீரென்று சுறுசுறுப்பாகித் தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கிறார் என்றால் தாளில் 4 போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேனியாவில், அதாவது மனம் அளவுக்கு மீறிய எழுச்சியில் இருக்கும்போது, எல்லா வரியும் மேலே ஏறித் தெரியும். ஐந்து வேலையைத் தொடங்குவார், எல்லாப் பொறுப்பையும் கேட்பார். ‘நிலைக்கிறாரா’, ‘முடிக்கிறாரா’, ‘தப்பைத் திருத்துகிறாரா’ என்ற வரிகளைப் பாருங்கள், உண்மை அங்கே தெரியும்.

நீண்ட காலம் மருத்துவமனையிலேயே இருப்பவர்கள் தனி. ஒருவர் தினமும் காலையில் யாரும் சொல்லாமல் வாளி தூக்குகிறார், கூட்டுகிறார். தானாகச் செய்கிறார் என்று 4 போடத் தோன்றும். அது ஊக்கமா, வருடக்கணக்கில் பழகிய பழக்கமா, முடிவில் கிடைக்கும் பீடியா? வேலையில் ஒரு சின்ன மாற்றத்தை வைத்துப் பாருங்கள். துடைப்பத்தை வேறு இடத்தில் வையுங்கள், ‘இன்னைக்கு நீங்க செடியைப் பாருங்களேன்’ என்று வேறு ஒன்றைக் காட்டுங்கள். தேடுகிறாரா, யோசிக்கிறாரா, அல்லது அப்படியே நின்றுவிடுகிறாரா? கூடவே, அந்த வேலைக்கு அவருக்குக் கூலி கிடைக்கிறதா என்ற கேள்வியையும் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

எட்டாவது படி: எழுதுவது

உருவகமும் குணச்சித்திரமும் வேண்டாம். ‘சோம்பல்’, ‘பிடிவாதம்’, ‘ஒத்துழைப்பு இல்லை’ மூன்றையும் அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரு மாதிரிக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

‘தொழிற்சிகிச்சைக் கூடம், காலை 10.30 முதல் 11 வரை. மேசையில் இவரோடு மூவர், அறிமுகமானவர்கள். வேலை: மருந்துக் கவர் ஒட்டுதல். முதல் சில நிமிடம் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்மொழி அழைப்புக்குப் பதில் இல்லை. செய்து காட்டியதும் தானும் ஒன்று மடித்தார். வெள்ளைத் தாளைத் தவிர்த்து இரண்டு முறை பழுப்புத் தாளை எடுத்தார். கோணலாக ஒட்டியதும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். “உரிச்சு ஒட்டலாம்ணா” என்றதும் திருத்தினார். பசை தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டார், கேட்கவில்லை. தேர்வு 4, தொடங்குதல் 2, திருத்துதல் 3, சிக்கல் தீர்த்தல் 1 (கிண்ணத்தை அருகில் நகர்த்திக் காட்டி, பிறகு வாயாலும் சொல்லிப் பார்த்தேன்). இரவு தூக்கம் சரி. வலது கையில் லேசான விறைப்பு, மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது.’

இதைப் படிப்பவருக்கு நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதுதான் அளவுகோல்.

ஒன்பதாவது படி: திட்டமாக மாற்றுவது

முதல் கட்டத்திலேயே தயக்கத்தோடு இருப்பவருக்குப் பொறுப்பு கொடுத்து உற்சாகப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அது பாரமாகத்தான் போகும். அவருக்கு வேண்டியது பாதுகாப்பான இடம், தெரிந்த முகம், தொட்டுப் பார்க்கப் பொருள்கள், தோற்க வழியில்லாத வேலை. அவசரப்படுத்த ஆள் கூடாது. பூ அம்மாவுக்கு அடுத்த நாள் மொட்டுப் பொறுக்கும் கூடையை அவர் பக்கத்திலேயே வைத்துவிடுவது, அவ்வளவுதான். திறமைக் கட்டத்தில் இருப்பவருக்குப் படிப்படியாகக் கடினமாகும் வேலையும், தப்பு செய்தால் திருத்த நேரமும், செய்ததைப் பற்றி நேர்மையான பின்னூட்டமும் வேண்டும். ‘சூப்பர் சூப்பர்’ என்று கை தட்டுவதை வயது வந்தவர்கள் உடனே புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ‘இந்த ஓரம் நேரா வந்திருக்குண்ணா’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சாதிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டவரை வார்டு மேசையிலேயே வைத்திருப்பதுதான் தவறு, அவருக்கு வெளியே வேலை, பயிற்சி, வீட்டில் ஒரு நிஜமான பங்கு என்று பேச வேண்டிய நேரம் அது.

மறுபடி எப்போது பார்ப்பது? மருந்து மாறும்போது, வார்டு மாறும்போது, குடும்பம் வந்து போன பிறகு, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன். அதே வேலையில் ஒரு முறையும் புதிய வேலையில் ஒரு முறையும் பார்த்தால் ஒப்பிட வசதி.

கடைசியாக வீட்டார். ‘சோம்பேறியாயிட்டான் சார், சொன்னாத்தான் குளிக்கிறான்’ என்று வந்து நிற்கும் அப்பாவிடம் நோயின் பெயரை விளக்குவதைவிட உங்கள் குறிப்பில் இருக்கும் ஒரு வரியைச் சொல்லுங்கள்: ‘ஐயா, வாயால சொன்னா இவருக்கு எழ முடியலை. துண்டையும் சோப்பையும் கையில கொடுத்து நீங்க ரெண்டடி முன்னால நடங்க, பின்னால வருவார். ரெண்டு வாரம் செஞ்சு பாருங்க.’ அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி அடுத்த ஓ.பி.க்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவராக இருந்தால் காலண்டரில் தானாக எழுந்த நாளுக்கு ஒரு கோடு போட்டால் போதும்.